தங்க மீனோடு விராலை விட்டேன்

அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு பட்டணம் போனபோது ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்க மீன்களும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். தொட்டி வெறிச்சென்று தோன்றவே, கண்மாயில் பிடித்த விரல் நீள விரால் குஞ்சையும் அதில் விட்டேன். அது ஒரு சாண் வளர்ந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

என் மகளைப் பெண் பார்க்கப் பாளையம்பட்டியிலிருந்து வந்தார்கள். தொட்டியருகே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் முகத்தைச் சுளித்தார். விராலின் வாய்க்கு வெளியே தங்க மீனின் வால் துடித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கையை விட்டு இழுத்தேன். தலை நசுங்கி, குடல் பிதுங்கிய மீன் கொழகொழவென்று விரல்களில் ஒட்டியது. குமட்டும் கவிச்சி. அதை முற்றத்தில் எறிந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் அந்த அம்மாளுக்குக் காப்பித் தம்ளரை நீட்டிவிட்டேன்.

"அந்தக் கையாலயா குடுக்குறீக?" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். என் மகள் தண்ணீர்ச் செம்போடு ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்படித் தாங்கியதால்தான் சம்பந்தம் முறியாமல் தப்பியது. "பொண்ணு எங்களுக்குச் சம்மதம். தொட்டிய மட்டும் கொல்லைக்குக் கொண்டு போயிருங்க" என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினார்.

தொட்டி இப்போது கொல்லையில் இருக்கிறது. ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையுமா என்று பார்க்காமல் எந்த மீனையும் சேர்த்து விடுவதில்லை. விரால் குழம்பு கொதிக்கும் வீட்டை இன்றும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன்.