நீலக்கல்லுக்குச் சிவப்புப் புள்ளி

ஓசூரில் ஒரு கம்பெனி வாசல் டீக்கடை. என் லாரிக்கு லோடு ஏற இன்னும் நேரம் இருக்கிறது.

எதிர் பெஞ்சில் அஞ்செட்டி விவசாயி ஒருவர் துண்டை அவிழ்க்கிறார். உள்ளே நெல்லிக்காய் அளவு நீலக்கல். உழவு மாடு இரண்டையும் மச்சானிடம் கொடுத்து வாங்கினாராம். கல் சரியில்லை என்று இன்றைக்குள் காட்டினால் மாட்டைத் திருப்பித் தருவதாக மச்சான் சொல்லியிருக்கிறாராம்.

பக்கத்தில் டீ குடிப்பவர் கம்பெனியில் இரும்புச் சாமான்களைச் சோதித்துப் பார்க்கிறவர். கல்லை வாங்கி, தன் பையிலிருந்த வெர்னியர் அளவுகோலில் நாலு பக்கமும் அளக்கிறார். பிறகு அரத்தால் உரசுகிறார். கல்லில் ஒரு கீறல் இல்லை. அரத்தின் பல்தான் மழுங்குகிறது.

“ஒரு பக்கம் போல ஒரு பக்கம் இல்லீங்க. ரிஜெக்ட்,” என்கிறார். கழித்த சாமானுக்கு வைக்கிற கம்பெனி வழக்கப்படி, பையிலிருந்த சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளியும் வைக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “அரமே மழுங்குதுன்னா கல்லு நெசந்தாங்க,” என்கிறேன் விவசாயியிடம்.

“நெசமாவே இருக்கட்டுங்க. ஏர் இழுக்குமா?”

கல்லை வாங்கி மறுபக்கம் திருப்பி, சோதித்தவரிடமே நீட்டுகிறார்.

“இந்தப் பக்கமும் ஒரு சிவப்பு வெச்சிருங்க சார். மச்சானுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”