அக்காவின் சவரி

குண்டசாலை பஸ்ஸிலிருந்து அக்காவைப் பொலிஸ் இறக்கிக்கொண்டு போன செய்தி, கந்தோரில் வேலையாய் இருக்கும்போதுதான் எனக்குக் கிடைத்தது. அவள் இருந்த சீட்டுக்குக் கீழே யாரோ விட்டுப்போன பை. உள்ளே வயரும் பற்றரியும். அவளுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். யுத்த காலத்தில் அதற்கு மேல் காரணம் யாருக்குத் தேவைப்பட்டது?

அம்மாவும் நானும் பொலிசுக்கு ஓடினோம். பையின் ஸிப்பில் நீளமான தலைமயிர் ஒன்று சிக்கியிருந்ததாம். தமிழ் பேசக்கூடிய சார்ஜன்ட் ஒருவர், ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் பின்னலிலும் ஒரு துண்டு வெட்டி உறையில் போட்டாயிற்று என்றார். "கொழும்புக்கு அனுப்பி டீ.என்.ஏ. பார்த்தா, யார் முடின்னு பேரோட வந்துரும். பயப்பட வேணாம்." எனக்கு உயிர் வந்தது. பத்திரிகையில் வாசித்ததையெல்லாம் அப்படியே நம்புகிற ஆள் நான்.

வெளியே வந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "பின்னல் நுனியிலையோ வெட்டினவங்கள்? பிள்ளை, அது சவரியெல்லோ."

காய்ச்சலில் அக்காவுக்குப் பாதி முடி கொட்டியிருந்தது. அம்மா தன் சீப்பில் வந்த மயிரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த சவரியை வைத்துத்தான் அவள் பின்னுவாள். கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், வெளியில் ஒருவருக்கும் தெரியாது. ஆக, உறைக்குள் இருந்தது அம்மாவின் மயிர்.

அதன் பிறகு நாட்கணக்கில் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால், ஏமாற்றினாள் என்று அக்காவை அடிப்பார்கள். சொல்லாவிட்டால் யாருடைய பெயர் வருமோ? கேற்றுக்கும் குசினி அடுப்புக்கும் நடந்து நடந்து எனக்குக் கால் உளைந்தது. வேரில்லாத வெட்டு மயிர் ஆளின் பெயரைச் சொல்லாது, மிஞ்சிப்போனால் தாய்வழியைத்தான் காட்டும், அதில் தாயும் மகளும் ஒன்றுதான் என்று பல வருஷம் கழித்து ஒரு டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன். அன்று அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

கடைசியில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சார்ஜன்டின் மேசைக்கு முன்னால் போய் நின்று கொண்டையை அவிழ்த்தார். "நீங்கள் வெட்டினது என்ரை மயிர். என்னை வைச்சுக்கொண்டு அவளை விடுங்கோ."

அவர் ஒன்றும் விளங்காமல் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து உறையை எடுத்தார். அது கொழும்புக்குப் போகவேயில்லை. கட்டுகஸ்தோட்டையில் ரேடியோ திருத்துகிற ஒருவர் அக்காவைப் பிடித்த மறுநாளே வந்து, பை தன்னுடையது, மயிர் தன் மகளுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போயிருந்தாராம். பிறகு ஏன் அக்காவை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"முடி ரிப்போட் வராம எப்படி விடுற?" என்றார். அந்த உறையை அவர் முகத்தில் எறியவேண்டும்போல் இருந்தது.

ஸ்டேஷன் பெரியவரிடம் கேட்டு, பின்னேரம் அக்காவை விட்டார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் என் கோபம் ஆறவில்லை. "வெட்டேக்கையே சவரியெண்டு சொல்லியிருக்கலாமே அக்கா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். "அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால, என்ரை தலையில மயிரில்லையெண்டு எப்பிடியடி சொல்லுறது?"

அம்மா தன் சேலைத் தலைப்பை இழுத்து அவள் தலையை மூடினார்.