சோத்துக்கைப் பக்கத்திலிருந்து கூட்டணும்

ஆவணியில் கல்யாணமாகி நான் அரியலூருக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயசு. பெரம்பலூரில் எட்டாவது வரை படித்திருந்தேன். மாமனார் ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் அவர், மாமியார், என் வீட்டுக்காரர், அப்புறம் நாத்தனார். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. ஐந்தாம் வகுப்பில் அது அவளுக்கு இரண்டாவது வருஷம். மூன்றாம் வகுப்பிலும் ஒரு வருஷம் தங்கியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் வந்து நாலு மாசத்தில் அரைப் பரீட்சை மார்க் வந்தது. கணக்கில் நூற்றுக்கு ஒன்பது. மாமனார் பேப்பரைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷமும் போச்சுன்னா நிறுத்திடலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் கோபக்காரர் இல்லை. அதனால் அந்தப் பேச்சில் யாரும் குறுக்கே பேச முடியவில்லை.

மாமியார் என்னிடம் தனியாகச் சொன்னார்: "மூணு வயசுல இதுக்கு ஜுரம் வந்து ஒரு வாரம் கண்ணே தொறக்கல. அன்னைக்கே மண்டைக்குள்ள என்னமோ ஆயிட்டுது. நாந்தான் சீக்கிரம் பாக்காம வுட்டுட்டேன்." செட்டிகுளம் மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, இரண்டு தடவை அவளை நடத்தியே கூட்டிப்போய் வந்திருக்கிறார்.

எனக்கு அந்தக் குழந்தை மேல் அப்போது பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. மத்தியானத்தில் வேலை இருக்காது. அந்தப் பரீட்சை பேப்பரை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டையும் இருபத்தேழையும் கூட்டச் சொல்லியிருந்தார்கள். நாலும் இரண்டும் ஆறு என்று முதலில் எழுதி, அப்புறம் எட்டும் ஏழும் பதினைந்துக்கு ஐந்தைப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்திருந்தாள். இன்னொன்றில் அறுபத்துமூன்று முப்பத்தாறாக மாறியிருந்தது. விடை தப்புதான். ஆனால் அவள் எழுதிக்கொண்ட எண்ணுக்கு அது சரி.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாயால் கேட்டேன். "நாப்பத்தெட்டும் இருபத்தேழும்?"

"எழுவத்தஞ்சு."

"நூத்துல முப்பத்தெட்டு போனா?"

"அறுவத்திரண்டு அண்ணி." பாவாடையைச் சொருகிக்கொண்டே சொன்னாள். யோசித்ததாகவே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் கிணற்றடியில் உட்கார ஆரம்பித்தோம். யுத்தகாலம், மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் செய்தேன். ஒவ்வொரு எண்ணையும் ஐம்பது தடவை எழுதச் சொன்னேன். முதல் பத்து சரியாக இருக்கும். அதற்கப்புறம் ஐந்து இரண்டாகும், ஏழு திரும்பிக்கொள்ளும். ஒரு நாள் பொறுமை போய் அவள் தலையில் குட்டிவிட்டேன். அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் வந்தார்.

"அடிக்கறதுக்கு அங்க வாத்தியார் இருக்காரு. அதுக்கு நீ எதுக்கும்மா?"

சத்தம் போடாமல்தான் கேட்டார்.

தை மாசம் எதிர்வீட்டு அம்மா வந்திருந்தபோது, நாத்தனார் குங்குமச்சிமிழை இடது கையால் நீட்டினாள். "எந்தக் கைடீ?" என்று மாமியார் அதட்டினார். அவள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாப்பிடப் போவதுபோல ஒரு கையை லேசாக வாய்ப் பக்கம் தூக்கினாள். தூக்கிய கை வலது கை. சிமிழை அதற்கு மாற்றிக் கொடுத்தாள். வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை.

அவளுக்கு வலது இடது தெரியவில்லை. 'வலப்பக்கத்திலிருந்து கூட்டு' என்று ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான்தான் இதைப் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

மறுநாள் சொன்னேன்: "சோறு திங்கற மாதிரி கையை வாய்க்குக் கொண்டுபோ. ஆங், அந்தக் கைப் பக்கத்துலேருந்துதான் கூட்டணும்." செய்தாள். ஓரத்தில் நின்றுகொண்டிருந்த அந்த ஒன்றுக்கு இடம் கிடைத்தது. கணக்கைப் பார்த்து எழுதும்போது, ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிவிட்டு எழுது என்றேன். அதுவும் உதவியது. ஆறையும் ஒன்பதையும் மட்டும் எங்களால் சரிபண்ண முடியவில்லை.

மாசியில் வகுப்பில் ஒரு சோதனை வைத்தார்கள். அன்றைக்கு அவள் வந்து புத்தகப் பையைக் கீழே வைக்காமலே சொன்னாள், "இனிமே வாய்ல கை வைக்க மாட்டேன் அண்ணி." கை அடிக்கடி வாய்க்குப் போவதையும் உதடு அசைவதையும் பார்த்த வாத்தியார், வாயில் துண்டுச்சீட்டு ஒளித்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். எல்லார் எதிரிலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு பெஞ்சு மேல் நிற்க வைத்துவிட்டார். அவள் அழவில்லை.

என் வீட்டுக்காரரைப் போய்ச் சொல்லச் சொன்னேன். "என்னன்னு சொல்றது? திங்கற மாதிரி கையத் தூக்கினாத்தான் அவளுக்குக் கணக்கு வரும்னா?" என்று அவர் தயங்கினார். முற்றத்தில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமல் சொன்னார், "நாளைக்கு நானும் இவளும் போயிட்டு வரோம்."

மாமியார் அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலப் போனார். வாத்தியாரிடம் நேரடியாகச் சொன்னார்: "கைய வாய்ல வெக்கறது என் மருமவ சொல்லிக்குடுத்தது சார். அதுக்காவ அவள அடிக்காதீங்க."

நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "சொல்லிக்கிட்டே எழுதினா மத்த புள்ளைங்க காதுல வுழாதாம்மா?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. "நீங்களே வாயால கேட்டுப் பாருங்க சார்" என்றேன்.

அவளைக் கூப்பிட்டு நாலு கணக்கு கேட்டார். நாலுக்கும் விடை வந்தது.

"இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே சார்" என்றாள் அவள். துடுக்காகச் சொல்லவில்லை; உண்மையாகவே அவர் கேட்டதில்லை. மாமியார் அவள் கையைக் கிள்ளினார். வாத்தியார் சிரிக்கவில்லை. முழுப் பரீட்சைக்கு அவளைத் தள்ளி, ஜன்னலோரமாகத் தனியே உட்கார வைப்பதாகச் சொன்னார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வளைகாப்புப் போட்டு என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனார்கள். அப்போது கரியில் ஓடுகிற பஸ்தான். கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் பஸ்ஸின் பின்பக்க அடுப்பில் கரியைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். வழியனுப்ப வந்தவள் ஜன்னல் பக்கம் நின்று, "ஒம்போது எந்தப் பக்கம் திரும்பும், ஒரு தடவ எழுதிக் காட்டுங்க அண்ணி" என்று கையை நீட்டினாள். கீழே சிந்திக் கிடந்த கரித்துண்டை எடுத்துத் தரச்சொல்லி உள்ளங்கையில் எழுதினேன். கையைத் திருப்பினால் அது ஆறாகிவிடும் என்பது பஸ் கிளம்பின பிறகுதான் எனக்கு உறைத்தது.

சித்திரைக் கடைசியில் அவள் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. எழுத்துப்பிழை நிறைய. 'கணக்கு 14. நான் பாஸ்.' நான் திகைத்துப் போனேன். அடியில் என் வீட்டுக்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'நாற்பத்தொன்று.'

குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது ஐப்பசி. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். வாத்தியார் புதுசு. நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன்.

"நானே சொல்லிட்டேன் அண்ணி."

"என்ன சொன்னாரு?"

"மொத தடவ ஒத்துக்கல. ரெண்டாந்தடவயும் ஒத்துக்கல. அப்பறம் ஒத்துக்கிட்டாரு."

அதற்கப்புறம் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்தது இன்னொரு பிரசவம், வீட்டு வேலை. கிணற்றடியில் அவள் தனியாக உட்கார்ந்து எழுதுவதை, துணி அலசப் போகும்போது பார்ப்பேன். சில நாள் கேட்பாள், பல நாள் கேட்கமாட்டாள். எட்டாவதில் கணக்கில் ஒரு தடவை தவறினாள். மறு வருஷம் தேறினாள். முப்பத்தெட்டு மார்க். மாமனார் அந்த மார்க் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம்தான் திருப்பித் தந்தார்.