பாங்கொக்குக்கு முதல் தரமோ?

சுவிற்சர்லாந்தில் ஒருவர் விடுமுறைக்கு வெளிநாடு போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், சந்தோசமாகப் போய்வா என்று யாரும் வாழ்த்துவதில்லை. டிப்ஸ் தருவார்கள். கேட்கத் தேவையில்லை, இருமினவனுக்கு மருந்து சொல்வதுபோல அது தானாக வரும். பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று இருபது வருடமாக அறியாத மனிதருக்குக்கூட, நீங்கள் போகப்போகிற ஊரில் எந்தச் சந்தில் நல்ல கோப்பி கிடைக்கும் என்பது தெரிந்திருக்கும்.

நான் பேர்ணில் ஒரு மருத்துவமனையின் சமையலறையில், பத்தியச் சாப்பாட்டுப் பகுதியில் வேலை செய்கிறேன். உப்பில்லாமல், உறைப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் சமைப்பது என் தொழில். நோயாளருக்காக இதைத் தனியாகச் செய்கிறோம் என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. நோயில்லாதவர்களும் இந்த நாட்டில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதை நான் இன்னும் எடுத்துச் சொல்லவில்லை. அங்கே ட்ஸ்நூனி என்று ஒரு சடங்கு உண்டு. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கத்தியை வைத்துவிட்டுக் கோப்பியோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வேலையைப் பற்றிக் கதைக்காமல் இருக்கவேண்டும். அப்படி ஒருநாள் கதைக்க ஒன்றும் கிடைக்காமல், பாங்கொக்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மேசை நிமிர்ந்தது. ரூடி தன் கோப்பியைத் தள்ளிவைத்தார். ரூடி காய்கறி வெட்டும் பகுதிக்குத் தலைவர். ஒவ்வொரு குளிர்காலமும் தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் கிடந்து, அவித்த இறால் நிறத்தில் திரும்பி வருபவர்.

"முதல் தரமா, நாத்தன்?" என்று கேட்டார். என் பெயர் சிவநாதன். மிச்சம் அவருடைய நாக்கில் நிற்காது.

நான் திணறினேன். ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். "முன்பு ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்திருக்கிறேன்" என்றேன்.

"ஒரு வருடமா! எந்தப் பகுதியில்?"

"தெரியாது. ஓர் அறைக்குள் இருந்தேன்."

"ஓ." சற்று யோசித்தார். "காலையுணவும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான். அது பின்னேரம் வரும்."

ரூடி அனுதாபத்தோடு தலையாட்டினார். மலிவான விடுதிகளில் அப்படித்தான், தானும் ஒருமுறை ஏமாந்திருப்பதாகச் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட எங்களை, ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்ட் அந்த அறைக்குள் கொண்டுபோய் அடைத்தான். ஒன்பது இளந்தாரிகள், நாலு பாய், ஒரு யன்னல். யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும், அதில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு குளிரூட்டிப் பெட்டியும். சத்தம் போடக்கூடாது, வெளியே போகக்கூடாது, பொலிஸ் வந்தால் மூச்சுவிடக்கூடாது. உலகம் முழுவதும் பார்க்க வருகிற நகரம் எனக்குக் காதால்தான் அறிமுகம். மோட்டார்சைக்கிள் இரைச்சல், ஏதோ விற்றுக்கொண்டு போகிறவனின் ஊதுகுழல், பின்னேரங்களில் எங்கோ உள்ளி வதங்கும் மணம். மிச்ச நேரமெல்லாம் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தோம். பாங்கொக்கின் கூரைகளைப் பற்றி, அதுவும் ஒரே ஒரு கூரையைப் பற்றி, எவருக்கும் நான் விரிவுரை செய்ய முடியும். ஏஜென்ட் வெள்ளிக்கிழமைகளில் வந்து 'அடுத்த கிழமை' என்று சொல்லிவிட்டுப் போவான். கடைசியில் ஒரு விடியற்காலை, யாரோ ஒருவரின் பாஸ்போட்டையும் அவருடைய பெயரையும் எனக்குத் தந்து, திரை போட்ட வாகனத்தில் விமான நிலையத்துக்கு ஏற்றினான். அந்த நகரம் அவரைத்தான் வழியனுப்பியது, என்னை அல்ல.

இதையெல்லாம் கோப்பி ஆறுவதற்குள் ரூடிக்கு விளங்கப்படுத்த முடியாது. அவர் ஏற்கெனவே டிப்ஸில் இறங்கியிருந்தார். பணத்தை வயிற்றில் கட்டும் பையில் வை. ஐஸ் போட்ட எதையும் குடிக்காதே. கிராமப்புறம் போனால் அங்கே குந்தியிருக்கும் கக்கூஸ், முழங்காலுக்குக் கஷ்டம், ஆகையால் இப்போதே வீட்டில் பழகு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு, எமென்டால் மலைப்பக்கத்தில் பிறந்த ஒரு சுவிஸ்காரர் குந்தப் பழக்குகிறார். செய்தும் காட்டினார். பாதியில் நின்றுவிட்டார், கைகொடுத்துத் தூக்கினேன். "அங்கே ஆட்கள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், நாத்தன். உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது" என்றார். நான் சிரித்தேன்.

இவ்வளவு வெறுப்போடு ஏன் அந்த ஊருக்கே போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் ஒரே தங்கை வசந்தி சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். நான் வெளிக்கிட்டபோது அவளுக்குப் பாவாடை தடக்கும் வயது. அதன்பிறகு நாங்கள் நேரில் கண்டதில்லை. அவள் இங்கே வர இரண்டு தரம் விசாவுக்கு விண்ணப்பித்தாள். திரும்பிப் போவாள் என்று நம்பமுடியவில்லை என்று இரண்டு தரமும் மறுத்தார்கள். அவளுக்கு வந்தது அழுகையல்ல, ஏளனம். "அண்ணை, எனக்கு வீடு இருக்கு, பென்சன் வரும், நாலு மாமரம் நிக்குது. உங்கட ஊரில ஆறு மாசத்துக்குச் சூரியனைக் காணேலாது எண்டு நீங்களே அழுறியள். நான் ஏன் அங்க வந்து ஒளிச்சு நிக்கப்போறன்?"

நான் அங்கே போகலாம்தானே என்றால், அதற்கும் வழியில்லை. என்னிடம் இருப்பது சுவிஸ் பாஸ்போட் அல்ல. அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், சிறிலங்கா தவிர, என்று அதில் எழுதியிருக்கிறது. மனிதனுக்குப் போகவேண்டியிருக்கிற ஒரே நாட்டைத் தெரிந்தெடுத்து விலக்கிய அந்தத் துல்லியத்துக்காகவே சுவிஸ்காரரை மதிக்கிறேன். இத்தனை வருடத்தில் பிரசாவுரிமை எடுக்கவில்லையா என்றால், எடுக்கப் பார்த்தேன். நான் குடியிருக்கும் ஊரின் கெமைண்டே, அதாவது ஊர்ச்சபை, என்னை நேர்முகத்துக்கு அழைத்தது. முதல் தரம் பகிடி விட்டேன், பொறுப்பில்லாதவன் என்றார்கள். இரண்டாம் தரம் பகிடியே விடவில்லை. ஊரோடு ஒட்டவில்லை என்றார்கள்.

அம்மா செத்தபோது செத்தவீட்டை நேரலையில் பார்த்தேன். இப்போது அதற்கென்றே கமராக்காரர் உண்டு. அந்தப் பாவி அம்மாவின் முகத்தைவிடப் பந்தலின் அலங்காரத்தையே அதிகம் காட்டினான். ஓரிரு தரம் வசந்தி திரையைக் குறுக்கறுத்துப் போனாள். அன்றிரவு அவள் சொன்னாள்: "அண்ணை, அடுத்தது நீங்களோ நானோ. மற்றாள் இப்பிடித்தான் ஃபோனில பாக்கப்போகுது. அதுக்கு முதல் ஒருக்கா நேரில கண்டிடவேணும்." எங்கே என்று கேட்டேன். "பாங்கொக்" என்றாள். விசா கரைச்சலில்லை, ரிக்கெற் மலிவு, இடமும் பழக்கம். உலகத்தில் இருநூறு நாடு இருக்க, நான் இனிமேல் கால்வைப்பதில்லை என்று சபதம் செய்த ஒரே ஊர் அவளுக்கு வசதியாகப் பட்டிருக்கிறது.

'இடமும் பழக்கம்' என்று அவள் சொன்னதுதான் என்னை அதிகம் சுட்டது. பள்ளிக்கூட விடுமுறைக்கு ரீச்சர்மார் கூட்டமாகப் பாங்கொக் போய் உடுப்பு வாங்கிக்கொண்டு வருவது இப்போது ஊரில் சாதாரணம். நான் ஒளித்துக் கிடந்த ஊரில் என் தங்கை பேரம் பேசிச் சட்டை வாங்குகிறாள்.

பேர்ணில் பல மதங்களும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்கும் கட்டடத்தில் நமக்கும் ஒரு கோயில் உண்டு. செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்தோடு நின்றபோது, எல்லா நாட்டுக்கும் போய்வந்த சிவம் அண்ணை பிடித்துக்கொண்டார். சிவம் அண்ணையின் பயணங்கள் எல்லாம் ஒன்றுதான். எந்த நகரமானாலும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை எங்கே என்று விசாரித்து, அங்கே இடியப்பம் சரியில்லை என்று கண்டறிந்து திரும்புவார்.

"ரைஸ் குக்கர் கொண்டு போம். தூளும் கொண்டு போம். அங்கத்தைச் சாப்பாடு இனிக்கும், ஐசே." பிறகு குரலைத் தாழ்த்தி, "தனியத்தான் போறீரோ?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

பக்கத்தில் நின்ற என் மனைவி மலர், "ஓம் அண்ணை, தனியத்தான். தங்கச்சியைப் பாக்கப் போறார். நீங்கள் போனநேரம் ஆரைப் பாத்தனீங்கள்?" என்றாள். சிவம் அண்ணைக்குச் சர்க்கரைப் பொங்கலில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

ஆகவே, முதன்முறை பாங்கொக் போகும் அன்பர்களே, சுவிஸ்காரரையும் நம்பவேண்டாம், சுவிஸ் தமிழரையும் நம்பவேண்டாம். உருப்படியான ஆலோசனை எனக்குச் சாவகச்சேரியிலிருந்து குரல்பதிவுகளாகத்தான் வந்தது. ரக்சியில் ஏறினால் முதலில் மீற்றர் போடச் சொல்லவேண்டும். மாட்டேன் என்றால் இறங்கி அடுத்ததைப் பிடிக்கவேண்டும். வெளியே வெயில் கொளுத்தும், கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் விறைக்கும், மெல்லிய சால்வை ஒன்று வேண்டும். விகாரைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். எவருடைய தலையையும் தொடக்கூடாது, குழந்தையானாலும். "சொக்லேட் ஒண்டும் காவிக்கொண்டு வராதேங்கோ, உருகிக் கஞ்சியாப் போம். ரோட்டுக் கடக்கேக்க என்ர கையைப் பிடியுங்கோ. உங்கட ஊரில மனிசரைக் கண்டா காரை நிப்பாட்டி நிப்பாட்டி உங்களைப் பழுதாக்கி வைச்சிருக்கினம்." எல்லாவற்றையும் கேட்டேன். அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தேன். பிறகு நாலு கிலோ சொக்லேட் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். வெறுங்கையோடு போனால் சுவிஸிலிருந்து வந்தவன் என்று யார் நம்புவது?

அவளுடைய விமானம் முதலில் இறங்கியது. நான் இறங்கியபோது அவள் முத்திரை குத்துவித்து, பெட்டியும் எடுத்து, வெளியே நின்றாள். நான் வரிசையில் நின்று நீலப் புத்தகத்தை நீட்டினேன். விசாவெல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தது. கூண்டுக்குள் இருந்த இளம்பெண் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுவிஸ்?"

"இல்லை."

"சிறிலங்கா?"

"அதுவும் இல்லை."

வேறென்ன என்பதுபோல் பார்த்தாள். "பேர்ண்" என்றேன். கெமைண்டேயில் விட்டதைப்போல இதுவும் ஒரு பிழையான பகிடி. அவள் தொலைபேசியை எடுத்தாள். ஒருவர் வந்து என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். இப்படியான புத்தகத்தை இங்கே பார்த்ததில்லை, மேலதிகாரி வந்துதான் முடிவெடுப்பார், அவர் ஏற்காவிட்டால் வந்த விமானத்திலேயே சூரிச்சுக்கு அனுப்பிவிடுவோம் என்று பணிவாகச் சொல்லி, கதவைச் சாத்தினார்.

கதிரையில் சாய்ந்து மேலே பார்த்தேன். பாங்கொக்கின் இரண்டாவது கூரை. முன்னேற்றம்தான், இதில் குளிரூட்டி உள்ளே இருந்தது. ஒரு சுவருக்கு அப்பால் வசந்தி நின்றாள். இப்போது திருப்பி அனுப்பினால் மறுபடி அவளைக் காண்பது ஒரு கமராக்காரனின் தயவில்தான்.

ஃபோன் அதிர்ந்தது. "அண்ணை, எங்க நிக்கிறியள்? உங்கட பிளேன் ஆக்களெல்லாம் போகினம்."

"ஒரு அறைக்குள்ள இருத்தி வைச்சிருக்கினம்" என்று பதில் அனுப்பினேன்.

"பாங்கொக்கில உங்களுக்கு அறையை விட்டா வேறை ஒண்டும் தெரியாதோ?"

சிரித்தேன். சிறிது பொறுத்து இன்னொரு பதிவு வந்தது. அதில் ரீச்சரின் அதட்டல் இல்லை. "நான் இதிலதான் நிக்கிறன். எவ்வளவு நேரம் எண்டாலும் நிப்பன். பயப்பிடாதேங்கோ."

மேலதிகாரி நரைத்த மனிதர். புத்தகத்தைப் பார்த்தார், கணினியைத் தட்டினார், யாருடனோ கதைத்தார், மறுபடி தட்டினார். கணினியில் என்னைப் பற்றி ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் நான் வந்தபோது ஒரு பெயர், போனபோது இன்னொரு பெயர். நடுவில் கிடந்தவனுக்குப் பெயரே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாங்கொக் முதல் தரமா?"

"ஓம், சேர்" என்றேன். இந்த முறை திணறவில்லை. அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, புத்தகத்தைத் தந்து, சிரித்தபடி சொன்னார்: "ரக்சியில் மீற்றர் போடச் சொல்லுங்கள்."

வெளியே தடுப்புக் கம்பியில் கைவைத்தபடி ஒரு நரைகண்ட, உயரமான மனிசி நின்றாள். ஃபோனில் வருடக்கணக்காகப் பார்த்த முகம்தான், ஆனால் ஃபோனில் உயரம் தெரிவதில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் இவ்வளவு கட்டையோ?"

"குளிரில சுருங்கிட்டன்."

என் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்தாள். கையை அங்கிருந்து எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு பெட்டியைப் பறித்து இழுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். "இது என்ன, சொக்லேட்டோ?" என்றாள் திரும்பிப் பாராமலே.

ரக்சியில் ஏறியதும் சாரதியிடம் தாய் மொழியில் இரண்டு சொல் சொன்னாள். அவன் சிரித்தான். "எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"சிறிலங்கா" என்றாள் வசந்தி.

அவன் கண்ணாடியில் என்னைத் தேடினான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "சேம், சேம்" என்று சொல்லிவிட்டாள்.

சட்டைப் பைக்குள் இருந்த நீலப் புத்தகத்துக்கு வேறு அபிப்பிராயம். அதை அங்கே யாரும் கேட்கவில்லை. சாரதி மீற்றரைத் தட்டினான். அது ஓடத் தொடங்கியது.