துண்டு போட்ட சீட்

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் தன் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்தார். கேட்ட ஆண்களையெல்லாம் "ஆள் வருது" என்று இந்தியில் விரட்டினார். என்னைக் கண்டதும் துண்டை எடுத்து, "உட்காரும்மா" என்றார். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

காட்டு வழியே வண்டிகளை வரிசையாக அனுப்பும் கான்வாய் நகர்ந்ததும் சொன்னார்: "போன ஜென்மத்துல நீ எனக்குப் பொண்டாட்டி. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"இதை இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. நெற்றிக் குங்குமம் கலையாமல் வேர்வையை ஒற்றிக்கொண்டார்.

"அப்பவும் நீ இப்படித்தான். நான் சொல்ற ஒரு வார்த்தையையும் நம்பமாட்டே."

பெர்ரித் துறையில் பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கினோம். அக்கரையில் மறுபடி பஸ் ஏறும்போது நான் வேறு சீட்டுக்கு மாறிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தினமும் அவரும் என்னிடம் சொல்வது, அந்தப் பெரியவர் கடைசியாகச் சொன்னதைத்தான்.