ஆறு பட்டன் கம்ப்யூட்டர்

எங்க மில் ஆபீஸ்ல புது கம்ப்யூட்டர் வந்த வாரம், பழசையெல்லாம் மாடிப்படிக்கு அடியில குமிச்சுப் போட்டிருந்தாங்க. மேனேஜர்கிட்டப் போய், "ஏனுங் சார், இதுல மூணு எனக்குக் குடுங்க"ன்னேன். "இதை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க, காயலாங்கடைக்காரனே மூஞ்சியைச் சுளிக்கிறான்"ன்னார். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஊட்ல ஒரு வேலை இருக்குதுங்க"ன்னு மட்டும் சொல்லிப்போட்டு ஆட்டோவுல ஏத்திட்டு வந்துட்டேன்.

ஊட்ல இருந்த வேலை இதுதான். என் ஊட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து அப்ப எட்டு மாசம். வலது கை, வலது கால் விழுந்து போச்சு. பேச்சும் போச்சு. நாம சொல்றது அத்தனையும் புரியும், பதில்தான் வராது. லேத் பட்டறையில மெசின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி வேலை வாங்கின தொண்டை, "அ... அ..."ன்னு நின்னு போச்சு. நான் வேலைக்குப் போகாம ஊட்ல உக்கார முடியாது. காலையில ஊட்டி விட்டு, தொடைச்சு விட்டு, சிங்காநல்லூர்ல பஸ் ஏறினா சாயங்காலம்தான் திரும்புவேன். அதுவரைக்கும் அந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் கேக்க வழியில்லை. "கூப்பிட்டா ஓடி வாரேன் கண்ணு"ன்னு பக்கத்து ஊட்டு அக்கா சொல்லியிருந்தாங்க. எப்படிக் கூப்பிடுவார்? அதுதானே பிரச்சினையே.

செத்துப்போன மூணு கம்ப்யூட்டரையும் கூடத்துல பிரிச்சுப் போட்டு உக்காந்தேன். ஒண்ணுல மெமரியை உருவி, இன்னொண்ணுல ஃபேனைக் கழட்டி, மூணாவதுல மாட்டி, யூடியூப் பார்த்துப் பார்த்து ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. ஒருவழியா அதுக்கு உயிர் வந்துச்சு. ஆன் பண்ணிப்போட்டுக் காப்பி வெச்சுக் குடிச்சு முடிச்சாத்தான் திரை தெரியும். சத்தம் கிரைண்டர் ஓடற மாதிரி. கீபோர்டுல ஆறு பட்டனை மட்டும் விட்டு மத்ததையெல்லாம் பிடுங்கினேன். அந்த ஆறு மேலயும் தண்ணி பாட்டில் மூடியை ஒட்டினேன், இடது கையால தட்டுத்தடுமாறித் தட்டினாலும் படட்டும்னு. எதைத் தட்டினாலும் அதுக்குன்னு பதிஞ்சு வெச்ச குரல் வரும். தண்ணி வேணுங்க. பசிக்குதுங்க. பாத்ரூம் வருதுங்க. வலிக்குதுங்க. ஃபேன் போடுங்க. டிவி போடுங்க. எல்லாம் என் குரல்தான். ஆம்பளைக் குரலுக்கு நான் எவன்கிட்டப் போய்க் கெஞ்சறது? கீபோர்டை அவர் இடது கைக்கு எட்டற மாதிரிப் பாய்கிட்ட வெச்சு, ஸ்பீக்கரை அக்கா ஊட்டுப் பக்கம் பார்த்த ஜன்னல்ல வெச்சேன்.

நான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா, பள்ளிக்கூடத்துப் புள்ளை கணக்கா ஆறையும் ஒழுங்காத் தட்டுவார். நான் அந்தப்பக்கம் போனா ஒண்ணையும் தொடறதில்லை. சாயங்காலம் வந்து பார்த்தா பாய் நனைஞ்சு கிடக்கும், உதடு காஞ்சு வெடிச்சிருக்கும். அக்காவைக் கேட்டா, "நானும் காதைத் தீட்டிட்டுத்தான் உக்காந்திருந்தேன் அம்மணி, ஒரு சத்தமும் வரலை"ன்னு சொல்லுவாங்க. மெசின்தான் மக்கர் பண்ணுதோன்னு ஒயரை மாத்தினேன், ஸ்பீக்கரை மாத்தினேன். மெசின் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் பொறுக்க மாட்டாம, "உங்களுக்கு என்ன கேடு? கையைத் தூக்கி ஒரு தட்டு தட்டினா என்ன, கிரீடம் கீழ விழுந்துருமா?"ன்னு கத்திப்போட்டேன். அவர் செவுத்துப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். துணியை அலசிப் போட்டுட்டு, சாப்பிடாமப் படுத்துட்டேன். கோவத்துல இல்லை, எந்திரிச்சுச் சோத்தைப் போட்டுத் திங்கறதுக்கு அசதி.

அந்த ஞாயித்துக்கிழமை தாராபுரத்துல இருந்து அவரோட அண்ணன் பார்க்க வந்தார். கையில ஆரஞ்சுப் பை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள காலை வெக்கறார், கம்ப்யூட்டர் "தண்ணி வேணுங்க"ன்னுச்சு. அட சாமி, இத்தனை நாள் கழிச்சு இன்னைக்காவது கேட்டாரேன்னு ஓடிப் போய்ச் சொம்புல கொண்டு வந்தேன். வாய்கிட்டக் கொண்டு போனா தலையை ஆட்டித் தள்ளி விட்டார். சேலையெல்லாம் தண்ணி. திரும்பவும் அதே மூடியைத் தட்டறார். தண்ணி வேணுங்க. தண்ணி வேணுங்க. தண்ணி வேணுங்க. "குடிக்கவும் மாட்டீங்க, சும்மாவும் இருக்க மாட்டீங்க, என்னைக் கொன்னு போட்டாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"ன்னு அண்ணன் முன்னாடியே கத்தினேன். மானம் மரியாதை பார்க்கற நிலைமையில நான் இல்லை.

அண்ணன் என் கையில இருந்த சொம்பை வாங்கினார். மிச்சமிருந்த தண்ணியை அண்ணாந்து முழுசும் குடிச்சார். "எனக்குத்தான் அம்மணி சொல்றான்"ன்னார். தட்டிக்கிட்டே இருந்த கை நின்னு போச்சு.

எங்க ஊர்ப் பக்கம் ஊட்டுக்கு ஒருத்தர் வந்தா, உள்ள இருக்கற அத்தனை பேரும் ஆளாளுக்கு "வாங்க"ன்னு சொல்லணும். சொல்லிப்போட்டுத் தண்ணி குடுக்கணும். ஒருத்தர் சொல்லலைன்னாலும் வந்தவங்களுக்கு மனசு கோணிரும். ஒரு கல்யாண ஊட்ல வாசல்ல நின்ன பங்காளி "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னு, இந்த மனுசன் அந்த ஊட்டுப் படியை அப்புறம் மிதிக்கவே இல்லை. அப்பேர்ப்பட்ட ஆளு, இத்தனை மாசமாப் பார்க்க வந்த சனத்துல ஒருத்தரைக்கூட வாங்கன்னு சொல்லாமக் கிடந்திருக்கார். யார் பார்க்க வந்தாலும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரே, அதுவும் இதனாலதான். அக்கா வந்தா வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாது, ஆனா வந்த பொம்பளைகிட்ட எடுத்ததும் பாத்ரூம் வருதுன்னு சொல்லணும். கூசிப் போயிருக்கார். நான் ஆறு மூடியிலயும் கேக்கற வார்த்தையாவே பதிஞ்சு வெச்சிருக்கேன். எனக்கு ஏன் இது தோணலைன்னு என் மேலயே ஆத்திரம் வந்துச்சு. கிட்ட இருந்து மலம் மூத்திரம் அள்ளினவளுக்குத் தோணலை, ஆரஞ்சுப் பையோட வந்தவருக்குத் தோணுது.

அன்னைக்கே டிவி மூடியில இருந்ததை அழிச்சுப்போட்டு, "வாங்க"ன்னு பதிஞ்சேன். முதல் தடவை பதிஞ்சது யாரையோ அதட்டற மாதிரி இருந்துச்சு. நாலு தடவை பதிஞ்சு அஞ்சாவதுதான் சரியா வந்துச்சு.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா ஆபீஸுக்கே போன் பண்ணிட்டாங்க. "எட்டிப் பார்த்தேன் கண்ணு, வாங்கன்னாரு. உள்ள வந்தப்புறம்தான் தண்ணி கேட்டாரு. ஒரு சொம்பு குடிச்சாரு"ன்னாங்க. நல்லதுங்கக்கான்னு போனை வெச்சுட்டு, பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்.

அன்னைக்கு பஸ்ல உக்கார இடமில்லை. கால் ரெண்டும் கடுக்க, சோத்துப் பையும் காய்ப் பையுமா வந்து கதவைத் தள்ளினேன். பாய் நனையாம இருக்கணுமே, ராத்திரிக்கு மாவு இருக்குதான்னு மனசு எங்கெங்கயோ ஓடுது.

"வாங்க"ன்னுச்சு கம்ப்யூட்டர்.

கை தவறிப் பட்டிருக்கும்னு நினைச்சு, நான் பாட்டுக்கு சமையக்கட்டுப் பக்கம் நடந்தேன். திரும்பவும் "வாங்க." என் குரலேதான். திரும்பிப் பார்த்தேன். மூடி மேல கையை வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருந்தார். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வேலைக்குப் போய்ப் போய்த் திரும்பறேன். யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. ஊட்டுப் பொம்பளை வந்தா யார் வாங்கன்னு சொல்லுவாங்க?

மூணாவது தடவையும் தட்டினார். வாங்கன்னு சொன்னா பதில் சொல்லாம நிக்கக் கூடாது. ரெண்டு பையையும் கீழ வெச்சேன்.

"வந்துட்டேனுங்க"ன்னேன்.