செல்வநாயகி டீச்சர் சொல்லாமல் விட்ட கசெட்டுகள்

செய்தி வந்தபோது பாடசாலையில் இடைவேளை. பிள்ளைகளின் கூச்சலுக்கிடையே தொலைபேசியைக் காதில் வைத்தேன். மறுமுனையில், பழைய பாடசாலையில் என்னோடு படிப்பித்த குணசேகரன் சேர்.

"ஜெயா டீச்சர்..." என்றார். பின்னால் மழைச்சத்தம் கேட்டது.

"செல்வநாயகி டீச்சரா?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆமாங்க. விடியக்காலையில. தங்கச்சி தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பியிருக்காங்க. எந்திரிக்கல."

இரத்தினபுரியிலிருந்து அவிசாவளைக்கும், அங்கிருந்து தெஹியோவிட்டவுக்கும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மனதில் ஓடியது ஒன்றுதான். இன்னும் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், கிடைத்திருக்கலாம். எதற்காக ஒரு கிழமை என்பதைச் சொல்வதற்கு, டீச்சரைத் தெரியாதவர்களுக்கு அவர் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அவர் பாடகி அல்லர். வாத்தியம் எதையும் தொட்டதில்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே, இறப்பர்த் தோட்டத்துப் பாடசாலையில் ஓய்வுபெறும்வரை தமிழும் சமயமும் படிப்பித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை இந்திராணியோடு ஆசிரியர் விடுதியில் இருந்தார். இளவயதில் ஆசிரியப் பயிற்சிக்காக யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் தங்கியிருந்த வீட்டில், மாலையானால் இசைத்தட்டு சுழலுமாம். அங்கே பிடித்த கர்நாடக இசைப் பைத்தியம் அவரை விடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அது கசெட் பைத்தியமாக மாறியது. எந்தக் கசெட் நல்லது, எது கொடுத்த காசுக்குப் பெறும், எதை வாங்கி ஏமாறக் கூடாது என்று கேட்பதற்கு, புளத்கொகுபிட்டியவிலிருந்துகூட ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள்.

தொண்ணூற்றிரண்டில் நான் அந்தப் பாடசாலைக்கு நியமனம் பெற்றுப் போனேன். சம்பளம் வந்ததும் கொழும்பில் ஒரு கசெட் வாங்கினேன். பளபளப்பான அட்டை, அதில் பட்டுச்சால்வையோடு பெரிய வித்துவானின் படம். பெருமையாக டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஞாயிறு மத்தியானம், அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் நடுவில் இருக்க, ஒரு பக்கம் முழுவதையும் வாய் திறக்காமல் கேட்டார்.

"பாட்டுக்காரருக்கு ஒரு கொறையும் இல்லிங்க. கசெட்டுக்குத்தான் கொற. கூடையில கொழுந்து அமுக்கின மாதிரி பாட்ட அடைச்சிருக்காங்க. மனுசன் மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துருது."

பிறகு அலுமாரியிலிருந்து படமே இல்லாத ஒரு கசெட்டை எடுத்துப் போட்டார். ஏதோ ஒரு கோயில் கச்சேரியில் பதிந்தது. தோடி ராகம். நடுவில் ஒரு குழந்தை அழுதது, யாரோ மணியடித்தார்கள். பாடியவர் எதையும் பொருட்படுத்தாமல் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே ராகத்துக்குள் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு ராகம் எதுவும் விளங்கவில்லை. ஆனால் கிழங்கு ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இது நீங்க வாங்கினதுல பாதி வெலகூட இல்ல. பேரப் பார்க்காதீங்க டீச்சர். அந்த மனுசனுக்குப் பாட எடங்கொடுத்திருக்காங்களான்னு பாருங்க" என்றார்.

அவசரமாக வேகத்தைக் கூட்டிப் பிரதியெடுத்த கசெட் காதில் விழுந்ததுமே அவர் கண்டுபிடித்துவிடுவார். "சுருதி ஏறி நிக்குது. இவரு நல்ல தண்டிக் கொரல்காரரு, கீச்சுன்னு ஆக்கிப்புட்டாங்களே பாவிங்க" என்று அந்த வித்துவானுக்காகக் கோபப்படுவார். அவிசாவளையில் கசெட் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி, தமிழ்க் கசெட் எடுப்பதற்கு முன்னால் அவரிடம்தான் கேட்பார். டீச்சரின் சிங்களம் அந்த முதலாளியின் சிங்களத்தைவிடத் திருத்தமானது. அவருடைய புண்ணியத்தில், அந்தக் கடையில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் ஒரு தட்டு ஒதுக்கப்பட்டிருந்தது.

யாருக்கு எது பொருந்தும் என்பதை அவர் ஆளைப் பார்த்துத்தான் சொல்வார். தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டும் பேச்சியம்மா புருஷனைப் பறிகொடுத்த வருடம், ஒரு மாலை விடுதி வாசலில் வந்து நின்றார். உள்ளே குழல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்களுக்கு வெளங்குமா டீச்சர்?"

"வெளங்க வேணாம், கேட்டாப் போதும். சமைக்கத் தெரிஞ்சவங்க மட்டுமா சாப்பிடுறாங்க? உள்ள வாங்க."

பேச்சியம்மா அந்தக் கசெட்டைத் தொழிலாளர் லயத்திலிருந்த தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். திருப்பிக் கொடுக்க வந்தபோது, "இதக் கேட்டா அவரு வேல விட்டு நடந்து வர்ற மாதிரி இருக்குங்க" என்றார். டீச்சர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படி இருந்தவர்தான் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டார்.

குணசேகரன் சேர் எங்கள் கணக்கு ஆசிரியர். ஞாயிறுதோறும் டீச்சரின் விடுதிக்குக் கசெட் கேட்கத் தவறாமல் வருகிறவர். தொண்ணூற்றாறில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கலவானைப் பக்கம். கொழும்பிலிருந்து மேளக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். வழியெல்லாம் சோதனைச்சாவடி, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். கசெட்டைப் போட்டுத்தான் தாலி கட்ட வேண்டும் என்றானது.

"அவிசாவளையில ஒண்ணு இருக்கு. அத வாங்கிரவா டீச்சர்?" என்று அவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"அதுல சினிமா மெட்டுதான் சேர் நெறைய. ஒங்க கல்யாணத்துக்கு அது வேணாம். கொழும்புல ஒரு தஞ்சாவூர்க்காரர் வாசிச்சது கெடைக்கும். ரெண்டு கசெட்டு. மாப்பிள்ள அழைப்புல இருந்து ஊஞ்சல் வரைக்கும் வரிசையா இருக்கு. என்கிட்ட இருந்தது கோயில்ல போட்டுப் போட்டுத் தேஞ்சுபோச்சு. ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துருங்க."

அந்த வாரம் கொழும்பில் குண்டு வெடித்தது. சேர் கசெட் வாங்கப் போன சனிக்கிழமை, நகரெங்கும் சுற்றிவளைப்பு. பொலிசார் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைத் திறந்தார்கள். உள்ளே தமிழில் கையால் எழுதியிருந்த கசெட்டுகள். கடைக்காரர் பிரதியெடுத்து, பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்தவை. அது என்ன பாட்டு, யாருடைய பாட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை நம்பவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எந்தப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "நான் போய்க் கசெட்டப் போட்டுக் காட்டப் போறேன். கேட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். நீங்க தொணைக்கு வர்றீங்களா?"

அவருடைய கசெட் ரேடியோவைப் பழைய சேலையில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் சேலையைப் பிரித்துக் காட்டிச் சுற்றினோம். பொலிஸ் நிலையத்தில் மணிக்கணக்காக உட்கார வைத்த பிறகு, ஓர் அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். டீச்சர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். பறிமுதல் செய்த கசெட்டில் ஒன்றை எடுத்துத் தாருங்கள், போட்டுக் காட்டுகிறேன் என்றார். அவர் கேட்ட விதத்தில் அந்த மனிதருக்கு மறுக்க முடியவில்லை.

மேசைமேல் நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் எட்டிப் பார்த்தான்.

"மேக்க மகுல் பெர வகே, மாத்தயா" என்றார் டீச்சர். உங்கள் கல்யாண மேளம் போலத்தான் இதுவும் என்று பொருள்.

அதிகாரி கொஞ்ச நேரம் கேட்டார். அவருடைய விரல் மேசையில் தாளம் போடத் தொடங்கி, நின்றது. உங்களுக்கு இதெல்லாம் எங்கே பழக்கம் என்று கேட்டார். அவிசாவளை என்று சொல்லியிருக்கலாம், ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் "யாழ்ப்பாணத்தில்" என்றார். அந்த நாட்களில் பொலிஸிடம் சொல்லக் கூடாத ஊர்ப்பெயர் அது. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கசெட்டை நிறுத்தி வெளியே எடுத்தார். இது நல்ல வாசிப்புத்தான், ஆனால் விடுவதோ வைத்திருப்பதோ என் கையில் இல்லை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் தோட்டத்துக்கே பொலிஸ் வந்து, டீச்சரின் அலுமாரியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனது.

குணசேகரன் சேர் ஐந்து மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார். வழக்குமில்லை, விளக்கமுமில்லை. அதற்குள் பெண் வீட்டார் பயந்து, அந்தப் பிள்ளையை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

வந்த மறுநாளே சேர் டீச்சரைப் பார்க்கப் போனார். மெலிந்து, முன்பல் ஒன்று இல்லாமல் இருந்தார். "எனக்காக அங்க வரைக்கும் வந்தீங்களாமே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, "அவிசாவளையில இருக்கிறதே போதும்னு சொல்லியிருக்கலாமே சேர். ஒரு வார்த்தை. சொல்லாமப் போனேனே" என்று அழுதார்.

"இதுல ஒங்க தப்பு என்னங்க இருக்கு? அத விடுங்க. ஒரு பாட்டு போடுங்க டீச்சர். பாட்டுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

டீச்சர் போடவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்கு இப்பெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க." அவிசாவளை முதலாளி கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார். அந்தத் தட்டில் மெல்ல மெல்ல வேறு கசெட்டுகள் ஏறின. ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. அவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைத் தணித்து வைத்துக் கேட்பார். நான் வாசலில் நின்றால் நிறுத்திவிடுவார். "நான் சொல்லி இன்னொருத்தர் எதையும் தேடிப் போக வேணாம்" என்று ஒருமுறை சொன்னார். அதை மாற்ற என்னால் முடியவில்லை. பிறகு எனக்கு இரத்தினபுரிக்கு இடமாற்றம் வந்தது.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த வருடங்களில் குணசேகரன் சேருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் புளத்கொகுபிட்டியவில் ஓர் ஆசிரியை. இந்த முறை கொழும்பிலிருந்து மேளக்காரர்களே வந்து வாசித்தார்கள். டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில், "அந்தக் கல்யாணி நல்லா வந்துச்சு இல்ல? அதே ராகத்துல ஒரு பழைய கசெட்டு இருக்கு ஜெயா டீச்சர், அதுல..." என்று தொடங்கினார். நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன மாதம் அவருடைய உடம்பு மோசமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, சேரும் நானும் போனோம். நெஞ்சில் நீர் கோத்து, தலையணைகளில் சாய்ந்திருந்தார். பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. சேர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு சொல்றேன். பொலிஸ் என்கிட்ட எடுத்தது அஞ்சு மாசந்தான். அதுக்கப்புறம் இத்தன வருசமா எனக்கு ஒரு பாட்டும் சொல்லாம விட்டது நீங்கதானே. அந்த அஞ்சு மாசத்த நான் மறந்துட்டேன். இது மட்டும் மறக்கலைங்க."

நான் பதறிப்போனேன். இந்திராணி அக்கா கதவருகே வந்து நின்றார்.

"நான் அப்படி நெனைச்சுப் பார்க்கலையே சேர்" என்றார் டீச்சர். "ஒங்களக் காப்பாத்துறேன்னுல்ல நெனைச்சேன்."

பிறகு, "இப்பவும் பாட்டுக் கேக்குறீங்களா?" என்றார்.

"சொன்னாக் கேப்பேன்."

டீச்சர் சொல்லத் தொடங்கினார். வயலினில் சஹானா வாசித்த ஒரு பெண்மணி. முதல் பக்கம் முழுக்க அந்த ஒரு ராகந்தான். "சிடியா வந்திருக்காம். அது வேணாம். சத்தத்தச் சுத்தம் பண்றேன்னு உசுர எடுத்துட்டாங்க. பழைய கசெட்டாத் தேடுங்க." அதன்பின் ஒரு வீணை. அதன்பின் பேர் வெளியே தெரியாத ஒரு பாடகர். ஒரே ஒரு கசெட்தான் வந்ததாம், மலிவு, பாடியிருப்பதோ பொக்கிஷம். கன்னத்தில் நிறம் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்தது இவ்வளவா என்று இருந்தது எனக்கு.

இருமல் வந்தது. இந்திராணி அக்கா, "போதுங்க, அக்காவுக்கு முடியல" என்றார்.

"இன்னும் எவ்வளவோ இருக்கு. வாற கெழம வாங்க ரெண்டு பேரும். மிச்சத்தச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

அந்தக் கிழமைக்குள்தான் செய்தி வந்துவிட்டது. மழையோடு மழையாக, இறப்பர் மரங்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். சேர் முன்பக்கம் தோள் கொடுத்தார். பேச்சியம்மா முக்காடு போட்டுக்கொண்டு வழிநெடுக நடந்து வந்தார். எல்லோருக்கும் அவர் ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் சொல்ல இருந்ததில் பெரும்பகுதி அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. அந்த வருடங்களைத் தின்றதற்கு யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வருத்தம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்த அன்று, நாங்கள் விடைபெற்று வாசல்வரை வந்த பிறகு, உள்ளேயிருந்து "சேர்!" என்று கூப்பிட்டார். திரும்பிப் போய் எட்டிப் பார்த்தோம். தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தி, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அந்த சஹானாவுல, ஆரம்பத்துல கொஞ்சம் இரைச்சல் இருக்கும். கெட்டுப்போன கசெட்டுன்னு நெனைச்சு நிறுத்திறாதீங்க. பொறுத்துக் கேளுங்க."

நிறுத்த மாட்டோம் டீச்சர். நிம்மதியாகப் போய் வாங்க.